ஓட்டக் கணக்கில் வலிக்கும் ஒரு பத்தி

1964 டிசம்பர் 20 அன்று தொடங்கி 2017 ஜனவரி இறுதி வரை, இங்கிலாந்தின் ரான் ஹில் ஒரு நாள்கூட விடாமல் ஓடினார். 52 ஆண்டுகளுக்கும் மேல். நாளுக்குக் குறைந்தது ஒரு மைல் என்பது அவர் தமக்கு வைத்துக்கொண்ட விதி. பாஸ்டன் மாரத்தானை வென்ற முதல் பிரிட்டிஷ்காரர் அவர். 1970இல் 2 மணி 10 நிமிடம் 30 நொடியில் அந்த வெற்றி. ஜவுளி வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். ஆய்வகத்தில் அளவுகளைக் குறித்துவைக்கும் கை, ஓட்டத்தையும் அதே ஒழுங்கோடு குறித்துவைத்தது. ஓடிய மைல்களை அவர் பல பத்தாண்டுகள் நாட்குறிப்பில் எழுதிச் சேர்த்தார்.

அந்தத் தொடர் ஓட்டத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. 1993இல் கால் பெருவிரல் மூட்டில் அறுவைச் சிகிச்சை நடந்தபோதும் அவர் நிறுத்தவில்லை. ஊன்றுகோலோடு அந்த ஒரு மைலைக் கடந்தார். கடைசியில் 2017இல் ஓடும்போது நெஞ்சு வலித்ததும், மனைவிக்கும் குடும்பத்துக்கும் தாம் கடமைப்பட்டிருப்பதை உணர்ந்து நிறுத்திக்கொண்டார். ஓட்டத்தை எழுதிவைப்பதில் ஹில்லைப் பின்பற்றலாம். ஊன்றுகோலில் ஓடியதைப் பின்பற்றவே கூடாது. தூரத்தையும் நாட்களையும் மட்டும் எண்ணும் நோட்டு, ஓடக்கூடாத நாளிலும் ஓடச் சொல்லும். கால் சொல்வதை எழுத அதில் இடம் இருக்காது.

இந்த அத்தியாயம் அந்த இடத்தைப் பற்றியது. எலும்பு முறிவு, தசைநார்க் கிழிசல் போன்ற பெரிய காயங்கள் இங்கே பேச்சில்லை. வாரம் மூன்று நான்கு நாள் ஓடும் எவருக்கும் வந்து போகும் சின்னச் சின்ன வலிகள்: படி இறங்கும்போது முழங்காலில் ஒரு குத்தல், காலையில் கட்டிலிலிருந்து இறங்கியதும் குதிகாலில் ஒரு சுருக், கணைக்காலின் உட்புறம் ஓயாத ஒரு நோவு. இவற்றோடு ஓடலாமா, குறைக்க வேண்டுமா, நிறுத்த வேண்டுமா என்ற முடிவை அன்றன்றைய மனநிலையிடம் விட்டால் தவறாகவே முடியும். போட்டி நெருங்கும்போது மனம் வலியைச் சிறிதாக்கும்; சோர்வான நாளில் பெரிதாக்கும். எழுதிவைத்த எண்ணுக்கு அந்தத் தடுமாற்றம் கிடையாது.

கடிகாரம் சொல்வதும் சொல்லாததும்

பின்லாந்தின் போலார் நிறுவனம் கம்பியில்லா இதயத்துடிப்பு அளவியை 1982இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. கார்மின் நிறுவனம் ஓட்டக்காரர்களுக்கான ஜி.பி.எஸ். கடிகாரத்தை 2003இல் விற்கத் தொடங்கியது. அதற்கு முன்பு தூரம் தெரிய வேண்டுமானால் மைதானத்தில் சுற்று எண்ண வேண்டும், அல்லது சாலையை வண்டியில் அளந்துவர வேண்டும். இன்று சில ஆயிரம் ரூபாய்க் கடிகாரமே தூரம், வேகம், துடிப்பு, நிமிடத்துக்கு எத்தனை அடி என எல்லாவற்றையும் தானாகச் சேமித்துவிடுகிறது. பெரிய வசதிதான். ஆனால் எண்கள் தாமாக வந்து விழுவதால், அவற்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கையால் எழுதுபவர் எழுதும்போதே ஒருமுறை யோசிக்கிறார்.

உலகின் மிகச் சிறந்த மாரத்தான் வீரர்களில் ஒருவரான எலியூட் கிப்சோகே கென்யாவின் கப்டகட் முகாமில் பயிற்சி செய்த காலமெல்லாம், பயிற்சிகளைச் சாதாரண நோட்டில் பேனாவால் எழுதிவைத்தார். 2019இல் வியன்னாவில் மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 நொடியில் கடந்தவருக்கு நவீனக் கருவிகள் கிடைக்காமல் இல்லை. ஆகவே இந்த அத்தியாயம் நோட்டையே பரிந்துரைக்கிறது. கைபேசியில் குறித்துக்கொள்வதும் சரி. குறிப்பவர் தாமே எழுத வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

கடிகாரத்தின் எண்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. உயரமான கட்டடங்களுக்கு இடையிலும் அடர்ந்த மரநிழலிலும் ஜி.பி.எஸ். தடுமாறும், செல்லாத தெருவுக்குள் சென்றதாகக் காட்டும். 400 மீட்டர் மைதானத்தில் அந்த 400 என்பது உள்ளோர முதல் தடத்துக்குத்தான். எட்டாவது தடத்தில் ஒரு சுற்று ஏறக்குறைய 453 மீட்டர். அதில் பத்துச் சுற்று ஓடுபவர் தம் கணக்கில் 4 கி.மீ. என்று எழுதிவிட்டு அரை கிலோமீட்டருக்கு மேல் கூடுதலாக ஓடியிருப்பார். அன்று ஏன் இவ்வளவு களைப்பு என்றும் குழம்புவார். மணிக்கட்டில் ஒளி பாய்ச்சித் துடிப்பை அளக்கும் கருவி, பட்டை தளர்ந்திருந்தாலோ வியர்வையில் நழுவினாலோ தாறுமாறான எண்ணைக் காட்டும். மார்புப் பட்டை இதைவிடத் துல்லியம்.

இதற்கெல்லாம் எளிய பரிகாரம், மாதம் ஒருமுறையாவது ஒரே பாதையில், ஒரே நேரத்தில், ஒரே கடிகாரத்தோடு ஓடிப் பார்ப்பது. பிழை இருந்தாலும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே பிழையாக இருக்கும்; வித்தியாசம் உண்மையான வித்தியாசமாக இருக்கும்.

தட்பவெப்பத்தை எழுதாத நோட்டு தமிழ்நாட்டில் பாதி நோட்டுதான். சென்னையிலோ மதுரையிலோ மே மாதத்து விடியற்காலை 5 மணிக்கே புழுக்கம் ஏறியிருக்கும். வெப்பத்தைத் தணிக்க உடல் தோலுக்கு அதிக ரத்தத்தை அனுப்புகிறது. வியர்வையில் நீர் போய் ரத்தத்தின் அளவும் குறைகிறது. அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. ஜனவரியில் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் ஓடியவர் மே மாதத்தில் ஏழரை நிமிடத்துக்கு இறங்கினால் அவர் பின்தங்கவில்லை. மே மாதத்தை முந்தைய மே மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும். இது தெரியாமல் கோடையிலும் ஜனவரி வேகத்தைப் பிடிக்கத் துரத்துபவர்கள்தான் ஜூனில் வலியோடு உட்கார்கிறார்கள்.

கடிகாரத்துக்குத் தெரியாத முக்கியமான ஒன்று, அந்த ஓட்டம் ஓடியவருக்கு எவ்வளவு கடினமாக இருந்தது என்பது. சுவீடனின் உளவியலாளர் குன்னார் போர்க் இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தார். 6இல் தொடங்கி 20 வரை செல்லும் அந்த விசித்திரமான எண் வரிசைக்கு ஒரு காரணம் இருந்தது. சொன்ன எண்ணைப் பத்தால் பெருக்கினால், நலமான இளைஞரின் இதயத்துடிப்புக்கு ஏறக்குறைய நெருங்கி வரும். பின்னாளில் 0 முதல் 10 வரையிலான எளிய அளவுகோலும் வந்தது. அமெரிக்க உடற்பயிற்சி விஞ்ஞானி கார்ல் ஃபாஸ்டர் அந்த எண்ணை ஓடிய நிமிடங்களால் பெருக்கி, அதையே அன்றைய பயிற்சியின் சுமையாகக் கொள்ளலாம் என்றார். 40 நிமிடம் மெதுவாக ஓடிக் கடினம் 4 என்று எழுதினால் சுமை 160. 25 நிமிடம் மூச்சிரைக்க ஓடி 8 என்று எழுதினால் 200. தூரம் குறைவான ஓட்டம் உடலுக்கு அதிகச் செலவு வைத்திருக்கிறது என்பது இந்தப் பெருக்கலில் வெளிப்பட்டுவிடும். ஓடி முடித்து அரை மணி நேரம் கழித்து இந்த எண்ணை எழுதுவது நல்லது. கடைசி நிமிட மூச்சிரைப்பு மொத்த ஓட்டத்தின் மீதும் நிழல் போட்டுவிடக் கூடாது.

மறுநாள் காலை எழுத வேண்டியது

வலிக்கும் இதேபோல் ஓர் அளவுகோல் உண்டு. சுவீடனின் இயன்முறை மருத்துவர் ரோலண்ட் தொமே 1997இல் முழங்கால் சிப்பிக்குப் பின்னால் வலி கொண்டவர்களுக்காக ஒரு முறையை வெளியிட்டார். வலி இல்லை என்றால் 0, தாங்கவே முடியாதென்றால் 10. இதில் 2 வரை பாதுகாப்பானது. 5 வரை ஏற்கலாம். அதற்கு மேல் ஆபத்து. அதே நாட்டில் காரின் சில்பர்னாகலும் உடன் பணியாற்றியவர்களும் இதைக் குதிகாலுக்கு மேலுள்ள அக்கிலிஸ் தசைநார் வலிக்குப் பொருத்தினார்கள். 2007இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் 38 பேர் பங்கேற்றார்கள். எல்லோருக்கும் ஒரே உடற்பயிற்சி. ஒரு பிரிவினர் முதல் 6 வாரம் ஓட்டத்தையும் குதித்தலையும் தவிர்த்தார்கள். இன்னொரு பிரிவினர் வலி அளவுகோலைக் கவனித்துக்கொண்டே ஓடினார்கள். இரு பிரிவினரும் நன்றாகத் தேறினார்கள். வலியைக் கவனித்து ஓடியதால் எந்தக் கெடுதியும் நேரவில்லை.

வலி வந்தாலே படுத்துவிட வேண்டும் என்ற பயத்தையும், வலியைப் பொருட்படுத்தாமல் ஓடுவதுதான் வீரம் என்ற பிடிவாதத்தையும் இந்த முறை ஒருசேர விலக்கிவைக்கிறது. வலியோடு ஓடலாம், மூன்று நிபந்தனைகளுக்கு உட்பட்டு. ஓடும்போதும் ஓடிய பிறகும் வலி 5ஐத் தாண்டக் கூடாது. மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்கு இறங்கியிருக்க வேண்டும். வாரத்துக்கு வாரம் வலியும் விறைப்பும் கூடிக்கொண்டே போகக் கூடாது. முதலாவதைப் பலரும் கவனிக்கிறார்கள். இரண்டாவதையும் மூன்றாவதையும் எழுதிவைக்காமல் கவனிக்கவே முடியாது.

தசைநார்கள் காட்டும் குணம் ஒன்று இங்கே பெரிதாக ஏமாற்றும். ஓடத் தொடங்கும்போது வலிக்கும். பத்து நிமிடத்தில் சூடேறியதும் மறைந்துவிடும். சரியாகிவிட்டது என்று நம்பி ஓடுபவர் வேகத்தைக் கூட்டுவார். அந்த ஓட்டத்தின் விலை அடுத்த நாள் காலை, கட்டிலிலிருந்து இறங்கும் முதல் அடியில்தான் தெரியும். அதனால்தான் நோட்டில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நேராக ஒரு பத்தியைக் காலியாக விட்டுவைக்க வேண்டும். அதை அன்று நிரப்பக் கூடாது. மறுநாள் எழுந்து, பல் துலக்கப் போகும் அந்த நடையிலேயே காலைக் கவனித்து நிரப்ப வேண்டும். எந்தக் கால், எந்த இடம், எத்தனை, விறைப்பு எவ்வளவு நேரம் இருந்தது. நான்கே விவரங்கள். இந்த நூல் சொல்லும் பழக்கங்களில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்பவர் இதை எடுத்துக்கொள்ளட்டும்.

புரிவதற்காக ஒரு மாதிரி வாரம். சென்னையில் அலுவலகம் போகும் நாற்பது வயதுக்காரர் ஒருவரை எண்ணிக்கொள்ளலாம். கடந்த ஒரு மாதத்தில் அவருடைய மிக நீண்ட ஓட்டம் 7 கி.மீ. அவருடைய நோட்டு இப்படி இருக்கிறது:

செவ்வாய். 5 கி.மீ., 37 நிமிடம், கடினம் 4. வலி: இடது குதிகாலுக்குச் சற்று மேலே, ஆரம்பத்தில் 3, பிறகு 1. மறுநாள் காலை 2. ஐந்து நிமிடத்தில் விறைப்பு போய்விட்டது.

வியாழன். 6 கி.மீ., 43 நிமிடம், கடினம் 5. வலி: அதே இடம், ஆரம்பத்தில் 2, பிறகு இல்லை. மறுநாள் காலை 2.

ஞாயிறு. 9 கி.மீ., மேம்பாலம் இருமுறை ஏறி இறங்கியது. 70 நிமிடம், கடினம் 6. வலி: ஓடும்போது 2. மறுநாள் காலை 5. இருபத்தைந்து நிமிடம் விறைப்பு.

ஞாயிற்றுக்கிழமை மாலை இவரிடம் கேட்டால் நல்ல ஓட்டம் என்றே சொல்லியிருப்பார். ஓடும்போது வலி 2தான். கடிகாரமும் பாராட்டியிருக்கும். திங்கள் காலைப் பத்திதான் மாற்றிச் சொல்கிறது. சுமையைப் பெருக்கிப் பார்த்தால் செவ்வாய் 148, வியாழன் 215, ஞாயிறு 420. வாரச் சுமையில் பாதிக்கு மேல் ஒரே நாளில் விழுந்திருக்கிறது. தட்டையான நகரத்தில் மேடு கிடைக்காதவர்கள் மேம்பாலத்தில் ஏறிப் பயில்வது சென்னையில் வழக்கம்தான். ஏற்றத்தில் குதிகால் கீழே இறங்கித் தசைநார் கூடுதலாக இழுபடும். ஏற்கெனவே நோவு உள்ள இடத்துக்கு அது ஆகாது. இவர் ஓட்டத்தையே நிறுத்த வேண்டியதில்லை. செவ்வாய்க்கிழமை ஓட்டத்தைத் தள்ளிவைத்து, காலை எண் 2க்கு இறங்கிய பின் வியாழனுடைய தூரத்துக்குத் திரும்ப வேண்டும். மேம்பாலத்தைச் சில வாரங்களுக்கு விட்டுவிட வேண்டும். நோட்டு இல்லாதிருந்தால் இவர் காலணியைக் குறை சொல்லியிருப்பார்.

காலணியின் கதையையும் நோட்டிலேயே வைக்கலாம். புதியதை எந்தத் தேதியில் போடத் தொடங்கினார், அதில் எத்தனை கிலோமீட்டர் ஓடினார் என்று ஒரு வரி. 500 முதல் 800 கி.மீ.க்குள் அடிப்பஞ்சு தளரும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஓடுபவரின் எடை, தரை, நடை என எல்லாமே அதை மாற்றும்.

எந்த வலி எதைச் சொல்கிறது

புதிதாக ஏதாவது செய்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடையும் கெண்டைக்காலும் பரவலாக வலிப்பது தசை தன்னைப் பழக்கிக்கொள்வதால்தான். 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொட்டுத் தானாக அடங்கிவிடும். இறக்கத்தில் ஓடினால் இது அதிகம். இரு கால்களிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தால் கவலை வேண்டாம். ஒரே காலில், ஒரே புள்ளியில் வலித்தால்தான் நோட்டில் தனியாகக் கோடிட வேண்டும்.

முழங்கால் சிப்பியைச் சுற்றி, அல்லது அதற்குப் பின்னால் மந்தமாக வலித்து, படி இறங்கும்போதும் சினிமா தியேட்டரில் நெடுநேரம் காலை மடக்கி உட்கார்ந்திருக்கும்போதும் கூடினால், அது ஓட்டக்காரர்களுக்கு மிகச் சாதாரணமாக வரும் முன்முழங்கால் வலியாக இருக்கலாம். முழங்காலின் வெளிப்பக்கத்தில், ஓடத் தொடங்கிக் குறிப்பிட்ட நேரம் ஆனதும் தவறாமல் வந்து, இறக்கத்தில் அதிகமாகும் வலி வேறு வகை. தொடையின் பக்கவாட்டில் ஓடும் பட்டை அங்கே உறுத்துகிறது. எந்தக் கிலோமீட்டரில் வலி தொடங்கியது என்று எழுதிவைத்தால் இரண்டையும் எளிதில் பிரிக்கலாம். பட்டை வலிக்காரர் அந்தக் கிலோமீட்டருக்குச் சற்று முன்பே நிறுத்திப் பழகினால், சில வாரங்களில் அந்த எல்லை தானாக நகர்வதையும் நோட்டில் பார்க்கலாம்.

காலையில் முதல் சில அடிகளில் குதிகாலின் அடிப்பகுதி குத்தி, நடக்க நடக்கக் குறைந்தால் உள்ளங்காலில் விரிந்திருக்கும் திசுப்பட்டையின் பிரச்சினை. வீட்டின் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நெடுநேரம் நிற்பதும் இதைக் கூட்டும் என்பதால், நாள் முழுக்க நின்று வேலை செய்பவர்கள் அதையும் குறிக்க வேண்டும். வலி ஓட்டத்தால் மட்டும் வருவதில்லை.

கணைக்கால்தான் அதிகக் கவனம் கேட்கும் இடம். உட்புற எலும்போரத்தில் நீளவாக்கில் விரற்கடை பலவற்றுக்குப் பரவி நோகிறதா, அல்லது ஒரே விரல் நுனியால் தொட்டுக் காட்டும்படி ஒரு புள்ளியில் நோகிறதா என்று அழுத்திப் பார்க்க வேண்டும். பரவிய நோவு பெரும்பாலும் ஷின் ஸ்பிளின்ட்ஸ் எனப்படுவது. சுமையைக் குறைத்தால் தேறும். ஒரே புள்ளியில் எலும்பு நோவது, ஓட ஓடக் குறையாமல் கூடுவது, ராத்திரி படுக்கையிலும் வலிப்பது ஆகிய மூன்றும் எலும்பில் மயிரிழை விரிசல் விழும் அறிகுறிகள். இங்கே 5 வரை ஏற்கலாம் என்ற அளவுகோல் செல்லாது. வலி 2 என்றாலும் ஓட்டத்தை நிறுத்த வேண்டும். முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் இந்த விரிசல் தெரியாமல் போவது சாதாரணம். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதால் மறுநாளே ஓடக் கிளம்பக் கூடாது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரியும். தொடை இடுக்கில் ஆழமாக வலித்து, ஒற்றைக் காலில் நின்றால் கூடுகிறதென்றால் இன்னும் அவசரம். தொடை எலும்பின் கழுத்துப் பகுதி விரிசல் முழு முறிவாகிவிடக் கூடும்.

பெண்கள் நோட்டில் மாதவிடாய்த் தேதியையும் எழுதுவது மிகவும் பயன் தரும். ஓட்டத்தின் செலவுக்கு ஏற்ற உணவு கிடைக்காதபோது உடல் முதலில் சிக்கனம் பிடிக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. சுழற்சி தள்ளித் தள்ளிப் போய், கூடவே எலும்பில் நோவும் இருந்தால் இரண்டையும் சேர்த்தே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இந்தக் குறைபாட்டுக்குத் தனிப் பெயரிட்டு அறிக்கை வெளியிட்டது. ஆண்களுக்கும் இது வரும். காலையில் வெறும் டம்ளர் காபியோடு 15 கி.மீ. ஓடிவிட்டு, அவசரமாக அலுவலகம் கிளம்பி, மதியம்தான் சாப்பிடுகிறவர்கள் நம் ஊரில் குறைவில்லை.

எவ்வளவு கூட்டலாம்

வாரத் தூரத்தைப் 10 விழுக்காட்டுக்கு மேல் கூட்டக் கூடாது என்பது ஓட்டக்காரர்கள் அனைவரும் கேட்டிருக்கும் விதி. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் இதைச் சோதித்தார்கள். புதிதாக ஓட வந்த 532 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் 10 விழுக்காட்டு விதியும் மற்றதற்கு வேகமாகக் கூடும் வழக்கமான திட்டமும் கொடுத்தார்கள். 2008இல் வந்த முடிவு: இரு பிரிவிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் காயம். விதி காப்பாற்றவில்லை.

2025இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் இதழில் வெளியான டென்மார்க் ஆய்வாளர்களின் கணக்கு இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. 5,000க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களின் கடிகாரப் பதிவுகளைப் பார்த்தபோது, வாரத் தூரத்தின் ஏற்றத்தைவிட ஒற்றை ஓட்டத்தின் ஏற்றமே காயத்தோடு தொடர்பு காட்டியது. முந்தைய 30 நாட்களின் மிக நீண்ட ஓட்டத்தைவிட ஒரே நாளில் 10 விழுக்காட்டுக்கு மேல் கூடுதலாக ஓடியவர்களுக்குக் காயத்தின் வாய்ப்பு உயர்ந்தது. மாதிரி நோட்டுக்காரர் 7இலிருந்து 9க்குத் தாவினாரே, அது 28 விழுக்காட்டுக்கும் மேல். அவர் 7.7இல் நிறுத்தியிருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் மேல் மூலையிலும் கடந்த 30 நாளின் மிக நீண்ட தூரத்தை எழுதிவைத்தால், நண்பர்கள் இன்னும் கொஞ்சம் போகலாம் என்று இழுக்கும் ஞாயிற்றுக்கிழமையில் பதில் தயாராக இருக்கும்.

வலி இருக்கும் வாரங்களில் குறைக்க வேண்டிய வரிசையும் உண்டு. முதலில் வேகப் பயிற்சியை எடுத்துவிட வேண்டும். பிறகு ஏற்ற இறக்கத்தை. அதன் பிறகே தூரத்தை. ஓட்டத்துக்கு நடுவே நடையைச் சேர்ப்பதில் வெட்கம் வேண்டியதில்லை. 1972 மூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலோவே, சற்று ஓடிச் சற்று நடக்கும் முறையை வாழ்நாள் முழுக்கக் கற்பித்து ஏராளமான சாமானியர்களை மாரத்தான் முடிக்க வைத்தார். 3 நிமிட ஓட்டம், 1 நிமிட நடை என்று தொடங்கி, காலைப் பத்தியின் எண் அனுமதிக்கும்போது நடையைக் குறைக்கலாம்.

முன்முழங்கால் வலிக்கு இன்னொரு கருவி, அடியின் எண்ணிக்கை. 2011இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பிரையன் ஹைடர்ஷீட் குழு, வேகத்தை மாற்றாமல் அடிகளை மட்டும் 5 முதல் 10 விழுக்காடு கூட்டினால் முழங்கால் தாங்கும் சுமை குறைவதைக் காட்டியது. நிமிடத்துக்கு 160 அடி வைப்பவர் 168க்குப் போனால் போதும். எல்லோரும் 180ஐ எட்ட வேண்டும் என்று சொல்வது, பயிற்றுநர் ஜாக் டேனியல்ஸ் 1984 ஒலிம்பிக்கில் உலகத் தர வீரர்களைப் பார்த்து எண்ணியதிலிருந்து வந்தது. மெதுவாக ஓடும் சாமானியருக்கு அது சட்டமில்லை.

ஐஸ் கட்டி வைக்கலாமா? ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்திவைத்தல் என்ற பிரபலமான சூத்திரத்தை 1978இல் தம் நூலில் தந்தவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று 2014இல் அவரே மாற்றி எழுதினார். வலி தணிய சற்று நேரம் வைப்பதில் தவறில்லை. அது குணப்படுத்தும் என்று நம்பி மறுநாள் ஓடக் கூடாது. ஓடுவதற்கு முன் வலி மாத்திரை போடுவது அதைவிட மோசம். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை வலியை மறைத்து நோட்டின் எண்களைப் பொய்யாக்கும். வியர்த்து நீர் வற்றிய உடலில் சிறுநீரகத்துக்கும் தீங்கு செய்யும்.

குறைத்து ஓடும் வாரங்களிலும் முன்னேற்றம் இருக்கத்தான் செய்கிறது. அதைக் காட்டும் எண்கள் வேறு. அதே பாதையில் 3 கி.மீ.யை, துடிப்பு 140ஐத் தாண்டாமல் ஓடி, நேரத்தைக் குறித்துக்கொள்வது ஒன்று. சென்ற மாதம் 24 நிமிடம், இந்த மாதம் 23 என்றால் உடல் தேறியிருக்கிறது. ஒற்றைக் காலில் நின்று குதிகாலை எத்தனை முறை உயர்த்த முடிகிறது என்று இடது வலதாக எண்ணுவது இன்னொன்று. நோவுள்ள கால் மற்றதை எட்டிப் பிடிக்கும் வரை வேகப் பயிற்சியைத் தொட வேண்டாம். காலை எழுந்ததும் படுக்கையில் எடுக்கும் துடிப்பு வழக்கத்தைவிட ஐந்து பத்து கூடியிருந்தால் அன்று காய்ச்சலோ களைப்போ வந்துகொண்டிருக்கலாம்.

ஓய்வு வீணல்ல என்பதற்கு ஜோன் பெனாயிட்டின் 1984ஆம் ஆண்டு ஓர் எடுத்துக்காட்டு. அவ்வாண்டு மார்ச்சில் நீண்ட ஓட்டம் ஒன்றில் அவருடைய முழங்கால் பூட்டிக்கொண்டது. அமெரிக்க ஒலிம்பிக் தேர்வு மாரத்தானுக்கு 17 நாள் இருக்கும்போது நுண்துளை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். அதற்குள் பின்தொடைத் தசையும் இழுத்துக்கொண்டது. அப்படியும் மே மாதத் தேர்வில் வென்றார். ஆகஸ்ட் 5 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த முதல் பெண்கள் ஒலிம்பிக் மாரத்தானை 2 மணி 24 நிமிடம் 52 நொடியில் வென்றார். அந்த 17 நாளை யாரும் நகலெடுக்கக் கூடாது; அவரைச் சுற்றி வல்லுநர்கள் இருந்தார்கள். எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: பல ஆண்டுகளில் சேர்ந்த உடல்தகுதி சில வார ஓய்வில் கரைந்துவிடுவதில்லை.

மருத்துவரிடம் எடுத்துச் செல்ல

நெஞ்சு வலி, ஓடும்போது மயக்கம், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருப்பது ஆகியவற்றுக்கு நோட்டைப் புரட்ட வேண்டியதில்லை; அன்றே மருத்துவமனை. நொண்டி நடக்க வைக்கும் வலி, மூட்டு வீக்கம், முழங்கால் பூட்டிக்கொள்வது, விரல் நுனியில் காட்டும் எலும்பு வலி ஆகியவற்றுக்கு ஓட்டத்தை நிறுத்திவிட்டு ஓரிரு நாளில் பார்க்க வேண்டும். சாதாரண வலிதான் என்றாலும், சுமையைக் குறைத்து இரண்டு மூன்று வாரம் ஆகியும் காலைப் பத்தியின் எண் இறங்கவில்லை என்றால் இயன்முறை மருத்துவரிடம் போகும் நேரம்.

போகும்போது கடைசி ஆறு வாரப் பக்கங்களை ஒரே தாளில் சுருக்கி எழுதிக்கொண்டு போவது நல்லது. எப்போது வலிக்க ஆரம்பித்தது என்று கேட்டால் பெரும்பாலோர் "கொஞ்ச நாளாக" என்றுதான் சொல்கிறார்கள். அதற்குப் பதில், வலி முதலில் எழுதப்பட்ட தேதி, அதற்கு முந்தைய வாரம் தூரத்திலோ தரையிலோ காலணியிலோ மாறியது என்ன, ஓட ஓடக் கூடுகிறதா குறைகிறதா, காலை விறைப்பு எத்தனை நிமிடம், எதைச் செய்தபோது எண் இறங்கியது என ஐந்து வரிகள் போதும். தூக்கம் குறைந்த வாரங்களையும், வேறு நோய்க்குச் சாப்பிடும் மாத்திரைகளையும் கீழே சேர்க்கலாம். மருத்துவர் சொல்லும் பயிற்சியையும் எடையையும் எண்ணிக்கையையும் அதே தாளின் பின்பக்கத்தில் அங்கேயே எழுதி வாங்கிக்கொண்டு வந்து, மறுநாள் காலையிலிருந்து அதே பத்தியில் தொடர வேண்டும்.